குட்டி லேப்டாப்பிலிருந்து டேப்லெட்டுக்கு: தமிழில் எழுதுகிறவளின் அனுபவம்

மெய்ப்புப் பார்ப்பதும் மொழிபெயர்ப்பதும் என் தொழில். நாள் முழுக்கத் தமிழில் தட்டச்சு செய்கிறேன். 2009-ல் வாங்கிய பத்து அங்குல லேப்டாப்தான் இத்தனை காலமும் கைகொடுத்தது. இப்போது அந்த வேலை முழுவதும் ஒரு டேப்லெட்டில் நடக்கிறது. படம் பார்க்கவும் செய்தி படிக்கவும் டேப்லெட் எப்படி இருக்கும் என்று சொல்லப் பலர் இருக்கிறார்கள். தமிழில் பக்கம் பக்கமாக எழுதுகிறவருக்கு அது லேப்டாப்பின் இடத்தை நிரப்புமா என்பதைச் சொல்கிறவர்கள் குறைவு. அதனால்தான் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

அந்தக் குட்டி லேப்டாப்களை ‘நெட்புக்’ என்பார்கள். 2007-ல் அசூஸ் நிறுவனத்தின் ‘ஈ பிசி’ வந்தபோது ஆரம்பித்த அலை அது. ஏழு அங்குலத் திரை, 4 ஜிபி சேமிப்பு, உள்ளே லினக்ஸ். அடுத்த ஆண்டே இன்டெலின் ‘ஆட்டம்’ பிராசசர் வந்தது. அப்புறம் எல்லா நிறுவனங்களும் அதே அச்சில் பத்து அங்குலக் கணினிகளை இறக்கின. என்னுடையதும் அதில் ஒன்று: ஆட்டம் என்270 பிராசசர், 1 ஜிபி நினைவகம், 1024-க்கு 600 புள்ளிகள் கொண்ட திரை, விண்டோஸ் எக்ஸ்பி. இன்றைக்குக் கேட்டால் ஒன்றுமில்லாதது போலத் தோன்றும். ஆனால் கைப்பைக்குள் அடங்கும். பேட்டரியைக் கழற்றி வேறு மாட்டலாம். அடிப்பக்க மூடியின் திருகைக் கழற்றினால் நினைவகத்தை நாமே மாற்றிக்கொள்ளலாம். நானும் அதை 2 ஜிபி ஆக்கினேன். அந்தப் பிராசசர் தாங்கக்கூடிய அளவே அவ்வளவுதான்.

அது உடைந்து போகவில்லை. விசைகள் தேய்ந்தாலும் நன்றாகவே வேலை செய்தன. சுற்றியிருந்த மென்பொருள்தான் ஒவ்வொன்றாக அதைக் கைவிட்டது. 2014 ஏப்ரலில் எக்ஸ்பிக்கான பாதுகாப்பு மேம்பாடுகள் நின்றன. ஓர் இலகுவான லினக்ஸுக்கு மாறினேன், மறுபடி உயிர் வந்தது போல ஓடியது. என் கணினி பழைய 32 பிட் வகை. 2016-ல் அந்த வகைக் கணினிகளின் லினக்ஸுக்கான குரோம் உலாவி நின்றது. ஃபயர்பாக்ஸ் இருந்ததால் கவலைப்படவில்லை. 2025-ல் வந்த டெபியன் 13 என்ற லினக்ஸ் பதிப்பில் 32 பிட் கணினிகளுக்கான நிறுவியே இல்லை. அதே ஆண்டின் இறுதியில் ஃபயர்பாக்ஸும் 32 பிட் லினக்ஸுக்கான புதிய பதிப்புகளை நிறுத்திவிட்டது. வெறும் உரைத்திருத்தியில் எழுத அந்தக் கணினி இன்றும் போதும். ஆனால் எழுதியதை அனுப்ப மின்னஞ்சலைத் திறந்தால், பக்கம் முழுதாக வந்து சேர்வதற்குள் எழுத்து ஓட்டம் அறுந்துவிடும். பழைய உலாவியோடு வங்கிக் கணக்கைத் திறப்பது பாதுகாப்பும் இல்லை. உங்கள் கணினி பழசாகிவிட்டதா என்று சந்தேகம் வந்தால் வேகத்தைப் பார்ப்பதற்கு முன் இதைப் பாருங்கள்: உலாவிக்கும் இயங்குதளத்துக்கும் பாதுகாப்பு மேம்பாடு இன்னும் வருகிறதா? வரவில்லை என்றால் இணையத்தில் அதன் காலம் முடிந்தது. இணையம் இல்லாத வேலைக்கு வைத்துக்கொள்ளலாம்.

இன்னொரு சின்ன லேப்டாப்பே வாங்கியிருக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. நானும் முதலில் அதைத்தான் தேடினேன். மலிவான சின்ன லேப்டாப்களில் பெரும்பாலும் 4 ஜிபி நினைவகமும் 64 ஜிபி சேமிப்பும் பலகையோடு சேர்த்துப் பற்றவைக்கப்பட்டிருக்கும். விண்டோஸ் 11 ஓடுவதற்கு மைக்ரோசாஃப்ட் கேட்கும் குறைந்தபட்ச அளவே அதுதான். ஆக, பெட்டியைப் பிரிக்கிற நாளிலேயே அது எல்லைக்கோட்டில் நிற்கிறது. பின்னால் கூட்டவும் முடியாது. அதே அளவு நினைவகம் உள்ள டேப்லெட் அதைவிட நிம்மதியாக ஓடும், ஏனென்றால் இயங்குதளமே அதற்கேற்பச் செய்யப்பட்டது. நல்ல லேப்டாப் வாங்க வசதியிருந்தால் வாங்குங்கள், அதற்கு ஈடு இல்லை. கையிலிருக்கும் பணத்துக்கு மட்டமான லேப்டாப்பா நடுத்தரமான டேப்லெட்டா என்ற கேள்வி வந்தால், என் ஓட்டு டேப்லெட்டுக்கு.

கடைக்குப் போவதற்கு முன் ஒரு வாரம், லேப்டாப்பில் செய்கிற ஒவ்வொரு வேலையையும் ஒரு தாளில் குறித்து வையுங்கள். நாம் என்ன செய்கிறோம் என்று நாம் நினைப்பதும் உண்மையில் செய்வதும் வேறுவேறு. நான் எழுதுவதற்குத்தான் அதிக நேரம் செலவிடுகிறேன் என்று நினைத்திருந்தேன். பட்டியலைப் பார்த்தால், பிடிஎஃப் கோப்புகளைப் படித்துத் திருத்தம் குறிப்பதும், ஒரே சமயத்தில் மூலத்தையும் மொழிபெயர்ப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதும்தான் பாதிக்கு மேல். இந்தப் பட்டியல் இல்லாமல் போனால் கடைக்காரர் காட்டும் கேமராவைப் பார்த்துத்தான் வாங்குவோம்.

பொதுவான விஷயங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். நினைவகம் 6 ஜிபிக்குக் குறைய வேண்டாம், 8 இருந்தால் நிம்மதி. திரை 11 அங்குலத்துக்குக் கொஞ்சம் முன்பின் இருக்கட்டும். ஏ4 தாளின் நீளம் அகலத்தைப்போல 1.41 மடங்கு. 3:2 என்ற வடிவத் திரை அதற்கு மிக நெருக்கம். நீளமான 16:10 திரையில் நேராகப் பிடித்தால் பக்கத்தின் மேலும் கீழும் இடம் வீணாகும், எழுத்தும் அந்த அளவு சிறுத்துவிடும். மெய்ப்புப் பார்க்கிறவருக்கு இது சின்ன விஷயம் இல்லை. பாதுகாப்பு மேம்பாடு எந்த ஆண்டு வரை வரும் என்று நிறுவனத்தின் தளத்திலேயே பார்த்துவிடுங்கள். விலை குறைந்த டேப்லெட்டுகளில் அது ஒன்றிரண்டு ஆண்டோடு முடிந்துவிடுவதும் உண்டு. மென்பொருள் கைவிட்டதால் ஒரு கருவியை மாற்றிவிட்டு, அதே கதி சீக்கிரம் வரக்கூடிய இன்னொன்றை வாங்குவதில் அர்த்தமில்லை.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன், விசைப்பலகை.

டேப்லெட்டின் திரையிலேயே தட்டி ஒரு மின்னஞ்சலுக்குப் பதில் எழுதலாம், அத்தியாயம் எழுத முடியாது. தனி விசைப்பலகை கட்டாயம். அதோடு சேர்ந்த உறையாக வருவது, புளூடூத்தில் இணைவது என இரண்டு வகை. விளம்பரங்களில் எல்லாமே அழகாகத்தான் இருக்கும். ஆனால் தமிழ்99 முறையில் தட்டச்சு செய்கிறவர்கள் ஓர் இடத்தை உற்றுப்பார்க்க வேண்டும்: வலது கைச் சுண்டுவிரல் போகும் பக்கம்.

1999-ல் வகுக்கப்பட்ட தமிழ்99 அமைப்பில் உயிரெழுத்துகள் இடது கைக்கும் மெய்கள் பெரும்பாலும் வலது கைக்கும் வரும். அதனால்தான் இரு கைகளும் மாறிமாறி ஓடுகின்றன, வேகமும் கிடைக்கிறது. தமிழில் மெய்கள் பதினெட்டு. வலப்பக்கத்து ஆங்கில எழுத்து விசைகள் அத்தனைக்கும் போதாது. ஆகவே சில எழுத்துகள் நிறுத்தக்குறி விசைகளுக்குப் போயின. அரைப்புள்ளி விசையில் ‘ந’, அதற்கு அடுத்த மேற்கோள் விசையில் ‘ய’, மேல் வரிசையில் சதுர அடைப்புக்குறி விசைகள் இரண்டிலும் ‘ச’, ‘ஞ’, கீழே சாய்கோட்டில் ‘ழ’. ஆங்கிலத்தில் எழுதுகிறவருக்கு அந்த விசைகள் எப்போதாவதுதான் தேவைப்படும். அதனால் சின்ன விசைப்பலகை செய்கிறவர்கள் இடம் மிச்சம் பிடிக்க முதலில் கைவைப்பது அவற்றில்தான். பாதி அகலமாக்குவார்கள். இல்லையென்றால் அடைப்புக்குறியை இன்னொரு விசையோடு சேர்த்து அழுத்தும்படி ஒளித்துவைப்பார்கள். அப்படிப்பட்ட பலகையில் ‘யோசனை’ என்று எழுதிப் பாருங்கள். ‘ய’வுக்குச் சுண்டுவிரல் உள்ளே மடங்க வேண்டும், ‘ச’வுக்கு இரண்டு விசை. ‘நான்’, ‘நீ’, ‘நாம்’ எல்லாம் ஒடுங்கிய ஒரு விசையில் வந்து விழ வேண்டும். ஒரு பக்கம் எழுதுவதற்குள் விரல் வலிக்கத் தொடங்கிவிடும்.

என் பழைய நெட்புக்கில் விசைகள் எல்லாமே வழக்கத்தைவிடச் சற்றுச் சிறியவைதான், ஆனால் சீராகச் சிறியவை. எந்த எழுத்தும் தண்டனை அனுபவிக்கவில்லை. அதனால் டேப்லெட்டுக்கென்று இருந்த உறை விசைப்பலகையை நான் வாங்கவில்லை. வழக்கமான இடைவெளி கொண்ட, வலப்பக்க நிறுத்தக்குறி விசைகள் முழு அகலத்தில் உள்ள ஒரு புளூடூத் பலகையைத் தேடி எடுத்தேன். டேப்லெட்டைவிட அது கொஞ்சம் அகலம், பையில் இரண்டையும் தனித்தனியாக வைக்க வேண்டியிருக்கிறது. அதைப் பொறுத்துக்கொள்ளலாம், மடங்கிய விரலைப் பொறுத்துக்கொள்ள முடியாது.

இதில் இழப்பும் இருக்கிறது. டேப்லெட்டைத் தாங்கி நிறுத்த ஒரு சமதளம் வேண்டும். மடியில் வைத்து எழுதும் பழக்கம் போயே போய்விட்டது. லேப்டாப்பின் எடை அடிப்பாகத்தில் இருக்கும், டேப்லெட்டுக்கு எடை முழுவதும் திரையில். உறை விசைப்பலகையும் தாங்கியும் சேர்ந்தது என்றாலும் மடியில் ஆடும். பேருந்திலும் ரயிலிலும் எழுதியே பழகியவர்கள் இதை நன்றாக யோசித்துக்கொள்ள வேண்டும்.

பலகை வந்துவிட்டது, அதில் தமிழ் வர வேண்டுமே. எக்ஸ்பி காலத்தில் தமிழ்த் தட்டச்சுக்கு இ-கலப்பை என்ற மென்பொருள் வைத்திருந்தேன், லினக்ஸில் ஐபஸ். இரண்டும் டேப்லெட்டில் கிடையாது. தமிழுக்கென்று டேப்லெட்டில் நல்ல செயலிகள் இருக்கின்றன. ஆனால் அவற்றில் பல, திரையில் தோன்றும் விசைகளுக்கு மட்டுமே செய்யப்பட்டவை. வெளி விசைப்பலகையை இணைத்தவுடன் அவை ஒதுங்கிக்கொள்ளும், தட்டுவது ஆங்கிலமாகவே விழும். செயலியின் விவரத்தில் ‘தமிழ்99 உண்டு’ என்று இருந்தால் மட்டும் போதாது. ‘வெளி விசைப்பலகையிலும் உண்டு’ என்று இருக்க வேண்டும். நான் சில செயலிகளைப் போட்டுப் பார்த்து, தள்ளி, கடைசியில் ஒன்றில் நின்றேன்.

சோதிக்க ஒரு வழி இருக்கிறது. தமிழ்99-ல் ஒரே மெய்யை இரண்டு முறை தட்டினால் முதலாவதற்குப் புள்ளி தானே விழ வேண்டும். மெல்லினத்தை அடுத்து அதன் இனமான வல்லினம் வந்தாலும் அப்படியே. ஆகவே ‘அக்கா’, ‘தங்கை’, ‘கன்று’ மூன்றையும் புள்ளி விசையைத் தொடாமல் எழுதிப் பாருங்கள். வந்தால் முறையாகச் செய்யப்பட்ட செயலி. பிறகு ‘கொ’ என்று எழுதிப் பின்னழி விசையைத் தட்டுங்கள். ‘க’ மிஞ்ச வேண்டும், அப்போதுதான் உயிர்க்குறியை மட்டும் மாற்ற வசதி. முழு எழுத்தும் போய்விட்டால் மெய்ப்புத் திருத்துகிறவருக்கு நாள் முழுக்க எரிச்சல்தான். கடைசியாக, ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் விசைப்பலகையிலிருந்தே மாற முடிகிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு முறையும் கையைத் தூக்கித் திரையைத் தொட வேண்டியிருந்தால், மொழிபெயர்க்கிற வேலைக்கு அது உதவாது.

இதோடு ஒரு சின்ன புளூடூத் மவுசும் சேர்த்துக்கொண்டேன். ‘தொடுதிரைக்கு எதற்கு மவுஸ்?’ என்று பலர் கேட்டார்கள். ‘கண்ணை’, ‘கன்னை’ என்று இரண்டு சொல் அடுத்தடுத்து இருக்கும்போது, இரண்டாவதன் நடுவில் விரலால் சுட்டியைக் கொண்டுபோய் நிறுத்திப் பார்த்தால் பதில் புரிந்துவிடும். விரல்நுனி மூன்று எழுத்தை மறைக்கிறது. ஐபேட்டில்கூட 2020 மார்ச்சில் வந்த 13.4 பதிப்பிலிருந்து மவுஸை முறையாக ஆதரிக்கிறார்கள். ஆண்ட்ராய்டில் அந்த வசதி அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே உண்டு.

அடுத்தது கோப்புகள். லேப்டாப்பிலிருந்து வருகிறவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது.

லேப்டாப்பில் ஒரு கோப்பு ஓர் இடத்தில் இருக்கும், எந்த மென்பொருளில் திறந்தாலும் அதே கோப்புதான். டேப்லெட்டில் ஒவ்வொரு செயலியும் தனக்கென்று ஓர் அறையை வைத்திருக்கிறது. மற்றச் செயலி அதற்குள் எட்டிப்பார்க்க முடியாது. ஆண்ட்ராய்டில் 2020-ல் வந்த 11-ஆம் பதிப்பிலிருந்து இந்தக் கட்டுப்பாடு இறுகியது. பாதுகாப்புக்கு நல்லதுதான். ஆனால் மின்னஞ்சலில் வந்த கோப்பை அங்கேயே தட்டித் திறந்து திருத்தினால், பல சமயம் நாம் திருத்துவது ஒரு நகலை. திருத்தம் அந்தச் செயலியின் அறைக்குள் சேமிக்கப்படும், மின்னஞ்சலில் இருப்பது பழையபடியே இருக்கும்.

ஓர் இரவு, முடித்த மெய்ப்பை அனுப்புவதற்காக இணைப்பைச் சேர்த்துவிட்டு ஒருமுறை திறந்து பார்த்தேன். திருத்தம் எதுவும் இல்லை. என் அண்ணன் மகள் பக்கத்தில் இருந்தாள். வாங்கிப் பார்த்துவிட்டு, “அத்தை, நீங்க பண்ணின வேலை எங்கயும் போகலை. இது மெயில்ல வந்த பழைய ஃபைல். நீங்க திருத்தினது அந்த ஆப்புக்குள்ள இருக்கு பாருங்க” என்று அந்தச் செயலியின் ‘சமீபத்தியவை’ பட்டியலைத் திறந்து காட்டினாள். கோப்பின் பெயரைத் தொட்டுப் பிடித்தால் அது எந்த இடத்தில் இருக்கிறது என்று தெரியும் என்பதையும் அவள்தான் சொல்லிக்கொடுத்தாள்.

அன்றிலிருந்து ஓர் ஒழுங்கு வைத்திருக்கிறேன். எந்தக் கோப்பு வந்தாலும் முதலில் ‘வேலை’ என்ற ஒரே கோப்புறையில் சேமிப்பது. பிறகு கோப்பு மேலாளரிலிருந்து அதைத் திறப்பது. மின்னஞ்சலிலிருந்தோ அரட்டைச் செயலியிலிருந்தோ நேராகத் திறந்து திருத்துவதே இல்லை. பெயரின் கடைசியில் தேதியைச் சேர்த்துவிடுவேன். அந்தக் கோப்புறை மேகச் சேமிப்போடு தானாக ஒத்திசையும்படி வைத்திருக்கிறேன், அதோடு வாரக்கடைசியில் ஒரு பென்டிரைவிலும் நகல் எடுக்கிறேன். டேப்லெட் கீழே விழுந்து திரை போனால், லேப்டாப்பில் செய்வது போல வட்டைக் கழற்றி எடுக்க வழியே இல்லை. காப்பு நகல் இல்லாமல் டேப்லெட்டில் தொழில் செய்யாதீர்கள்.

இன்னொரு பழக்கமும் மாற வேண்டியிருக்கிறது. நினைவகம் நெருக்கடியானால், பின்னால் இருக்கும் செயலிகளை டேப்லெட் சத்தமில்லாமல் மூடிவிடும். இணையப் பக்கத்தில் ஒரு நீண்ட படிவத்தைப் பாதி நிரப்பிவிட்டு வேறு செயலிக்குப் போய் வந்தால், பக்கம் புதிதாகத் திறந்து நிரப்பியதெல்லாம் போயிருக்கலாம். நீளமாக எழுதுவதை முதலில் குறிப்புச் செயலியில் எழுதிவிட்டுப் பிறகு அங்கே ஒட்டுங்கள்.

அலுவல் செயலி விஷயத்தில் ஒரு தகவலை வாங்குவதற்கு முன்பே தெரிந்துகொள்வது நல்லது. மைக்ரோசாஃப்டின் வேர்டு, எக்செல் செயலிகளில் 10.1 அங்குலமும் அதற்குக் கீழும் உள்ள திரைகளில் அடிப்படைத் திருத்தம் இலவசம், அதற்குமேல் போனால் சந்தா வேண்டும். 11 அங்குலத் திரை வாங்கினால் கோப்பைப் படிக்கலாம், திருத்த முடியாது. நான் லினக்ஸில் லிப்ரெஆஃபிஸ் வைத்திருந்தவள். அதன் அடித்தளத்திலேயே செய்யப்பட்ட கொலாபரா ஆஃபிஸ் ஆண்ட்ராய்டிலும் ஐபேட்டிலும் கிடைக்கிறது. என் பழைய கோப்புகள் அதில் ஒழுங்காகத் திறந்தன. பெரிய கோப்பில் கொஞ்சம் தயங்குகிறது. ஆனால் திருத்தங்களைத் தடம் பிடித்துக் காட்டும் வசதி இருக்கிறது, மெய்ப்பு வேலைக்கு அது இல்லாமல் முடியாது.

சரி, எதில் டேப்லெட் லேப்டாப்பை மிஞ்சியது? பிடிஎஃப் மெய்ப்பில். இதை நான் எதிர்பார்க்கவே இல்லை. நெட்புக்கின் 600 புள்ளி உயரத் திரையில் ஒரு பக்கத்தை மூன்று முறை உருட்டினால்தான் முடிவு தெரியும். வரிசை எண் தவறியதா, அடிக்குறிப்பு சரியான பக்கத்தில் விழுந்ததா என்பதை ஒரே பார்வையில் காண வழியில்லை. அதனால் முக்கியமான மெய்ப்புகளைத் தாளில் அச்செடுத்துத்தான் பார்ப்பேன். இப்போது டேப்லெட்டை நேராகப் பிடித்தால் முழுப் பக்கமும் ஒரே பார்வையில் தெரிகிறது. திரையில் எழுதும் பேனாவால் வரியின் மேலேயே ஒற்று சேர்க்கலாம், சொல்லைச் சுழிக்கலாம், ஓரத்தில் கையால் குறிப்பு எழுதலாம். தாளில் கற்ற மெய்ப்புக் குறிகள் எல்லாம் மீண்டும் கைக்கு வந்துவிட்டன. தட்டச்சில் கண்ணுக்குத் தப்பும் ‘ர’, ‘ற’ குழப்பம் பேனாவோடு வரி வரியாகப் போகும்போது அதிகம் சிக்குகிறது என்பது என் அனுபவம்.

இதில் ஒரு நுணுக்கம். பேனாவால் எழுதிய குறிப்புகள் சில செயலிகளில் பக்கத்தின் மேல் தனி அடுக்காகத்தான் இருக்கும். பெறுகிறவர் வேறொரு செயலியில் திறந்தால் அவை தெரியாமல் போகலாம். அனுப்பும் முன் ‘ஒன்றாக்கி ஏற்றுமதி’ என்பது போன்ற ஒரு தேர்வு இருக்கும், அதன் வழியாக அனுப்புங்கள். அச்சகத்துக்குப் போகும் மெய்ப்பில் இதை மறக்கவே கூடாது.

முடியாதவையும் இருக்கின்றன. மேக்ரோ உள்ள எக்செல் தாள்கள் ஓடாது. டிஜிட்டல் கையொப்ப டோக்கன் தேவைப்படும் தளங்களுக்கு லேப்டாப்தான். பழைய யுஎஸ்பி அச்சுப்பொறியைப் பெரும்பாலும் டேப்லெட்டுக்கு அடையாளம் தெரியாது, வைஃபை வழியாக இயங்குவது வேண்டும். பக்க வடிவமைப்பு மென்பொருளையும் இதில் எதிர்பார்க்க வேண்டாம். நெட்புக்கில் மூன்று யுஎஸ்பி துளை, அட்டை செருகும் இடம், இணையக் கம்பிக்கு ஒரு துளை எல்லாம் இருந்தன. டேப்லெட்டில் இருப்பது ஒரே ஒரு யுஎஸ்பி-சி. மின்னேற்றிக்கொண்டே பென்டிரைவைச் செருக வேண்டுமென்றால், மின்சாரத்தையும் உள்ளே கடத்தும் ஹப் ஒன்று வாங்க வேண்டும். பெரிய திரையில் இணைக்கிற எண்ணம் இருந்தால் அந்த யுஎஸ்பி-சி வழியாகக் காட்சி வெளியே வருமா என்று கேட்டு வாங்குங்கள். துளையின் வடிவம் ஒன்றாக இருந்தாலும் விலை குறைந்தவற்றில் பெரும்பாலும் வராது.

மாறுவதற்கு முன் பழைய கணினியிலேயே முடித்துவிட வேண்டிய ஒரு வேலை இருக்கிறது. தமிழில் நெடுங்காலமாக எழுதுகிறவர்களிடம் ஒருங்குறிக்கு (யூனிகோடுக்கு) முந்திய கோப்புகள் கட்டாயம் இருக்கும்: டிஸ்கி, டாப், டாம், பாமினி என்று ஆளுக்கொரு குறியாக்கம். அந்தந்த எழுத்துரு கணினியில் இருந்ததால்தான் அவை தமிழாகத் தெரிந்தன. டேப்லெட்டில் அந்தப் பழைய எழுத்துருக்களைப் போட்டுக்கொள்வது சுலபமில்லை. திறந்தால் புரியாத குறிகள்தான் வரும். அவை அழிந்துவிட்டன என்று நினைத்துத் தூக்கியெறிந்தவர்களை எனக்குத் தெரியும். உள்ளே தமிழ் அப்படியேதான் இருக்கிறது, படிக்கிற சாவிதான் இல்லை. ஆகவே பழைய கணினியும் அந்த எழுத்துருக்களும் கையில் இருக்கும்போதே, எது எந்தக் குறியாக்கம் என்று பார்த்து, குறியாக்கத்தை மாற்றித் தரும் மென்பொருள் மூலம் ஒருங்குறிக்குக் கொண்டுவந்துவிடுங்கள். மாற்றியதை மூலத்தோடு வைத்து ஒருமுறை படித்துப் பாருங்கள். ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு எழுத்துகளிலும் மேற்கோள் குறிகளிலும்தான் பிழை அதிகம் வரும். மூலக்கோப்பையும் அதன் எழுத்துருவையும் ஒரே கோப்புறையில் சேர்த்துக் காப்பாக வையுங்கள். நான் இதைச் செய்தபோது, தொலைந்துவிட்டது என்று நினைத்திருந்த ஒரு முழு மொழிபெயர்ப்பு டிஸ்கியில் கிடைத்தது. அதன் பெயர்கூட வெறும் குறிகளாக இருந்ததால் இத்தனை காலம் கண்ணில் படவில்லை.

பேட்டரியைப் பற்றியும் சொல்ல வேண்டும். நெட்புக்கில் பேட்டரி ஓய்ந்தால் வேறொன்றை மாட்டினோம். டேப்லெட்டில் அது உள்ளே ஒட்டப்பட்டிருக்கிறது. லித்தியம்-அயனி பேட்டரியை முக்கியமாகக் கெடுப்பவை இரண்டு: சூடு, எப்போதும் நூறு சதவீதத்திலேயே நிறுத்திவைப்பது. லேப்டாப்பைப் போல நாள் முழுக்க மின்சாரத்தில் செருகியே வேலை செய்யும் பழக்கம் இருந்தால், அமைப்புகளில் 80 சதவீதத்தோடு நிறுத்தும் தேர்வு இருக்கிறதா என்று தேடி அதைப் போட்டுவிடுங்கள். தடித்த உறைக்குள் வைத்தபடி மின்னேற்ற வேண்டாம்.

பழைய நெட்புக்கை நான் விற்கவில்லை. அதில் திறந்திருந்த கணக்குகளிலிருந்தெல்லாம் வெளியேறி, உலாவி சேமித்திருந்த கடவுச்சொற்களை அழித்தேன். பேட்டரி லேசாக உப்பியிருந்தது. அப்படி உப்பியதை அழுத்தவோ குத்தவோ கூடாது, குப்பையிலும் போடக் கூடாது. கழற்றி மின்னணுக் கழிவு வாங்குகிறவர்களிடம் கொடுத்துவிட்டேன். பேட்டரி இல்லாமல் மின்சாரத்தில் நேராகச் செருகினாலும் அந்தக் கணினி ஓடுகிறது. இணையத்தைத் துண்டித்துவிட்டு, பழைய எழுத்துருக்கள் எல்லாவற்றையும் அதில் அப்படியே விட்டுவைத்திருக்கிறேன். நண்பர்கள் யாராவது பாமினியிலோ டாபிலோ ஒரு பழைய கோப்பைக் கொண்டுவந்தால், அதில் திறந்து, மாற்றி, பென்டிரைவில் கொடுத்துவிடுகிறேன். இப்போதைக்கு அதற்கு இருக்கிற வேலை அதுதான்.